சுருக்கத்துக்கு விட்ட அரையடி

திருப்பூர் காதர்பேட்டைக் கடைகளுக்குப் பதினொரு மணி டீ வந்த நேரத்தில்தான் செய்தி வந்தது. சிவபிரகாஷ் வேலை பார்க்கும் பனியன் மொத்தக் கடையில் இந்தூர் வியாபாரி ஒருவர் இந்தியில் பேரம் பேசிக்கொண்டிருந்தார். பண்டல் கட்டுகிறவர்கள் சணல் கயிற்றை இழுத்த இழுப்பில் மேஜை ஆடியது. போனில் பேசியது சிவபிரகாஷின் மனைவி நடத்தும் காலர் யூனிட்டிலிருந்து ஒருத்தி. "அக்கா மெஷின்கிட்ட ஸ்டூல்ல உக்காந்தாங்க. அதுக்குப் பொறவு எந்திரிக்கவே இல்லீங்க." ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கலைமகளுக்கு ஐம்பத்து நான்கு வயது.

மாலைக்குள் வீடு நிறைய ஒறம்பரை, சொந்தபந்தம். பந்தல் போடுகிறவர்கள் நாற்காலிகளை இறக்கினார்கள். அதில் ஒருவர் நான்கைந்து நாற்காலிகளை அடுக்கித் தூக்கிக்கொண்டு, வாசலில் நின்ற மெரூன் நிற எஸ்டீம் காரைச் சுற்றி வந்தபோது முழங்காலுக்குக் கீழே எதிலோ இடித்துக்கொண்டார். குனிந்து பார்த்தார். பம்பருக்குப் பின்னால் அரையடி நீளத்துக்குப் புகைக்குழாய் நீட்டிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, இதென்னங்க, வண்டிக்கு வாலு?"

அதுவரை எல்லாரும் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார்கள். முதலில் மூலையில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். அடுத்து ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஒரு நிமிடத்தில் பாதிப் பந்தல் குலுங்கியது.

சிவபிரகாஷின் அக்கா மயிலாள் உள்ளேயிருந்து வந்தார். "எழவு ஊட்டுல என்னங்கடா சிரிப்பு?" என்று அதட்டினார். அதட்டிய வாயோடு வாலைப் பார்த்தார். "நாந்தானே அவளப் பூக் கேக்கக் கூட்டிட்டுப் போனேன்" என்றவர் அப்படியே காரின் டிக்கியைப் பிடித்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். சிவபிரகாஷுக்கு அன்றைக்கு முதன்முதலாக அழுகை வந்தது அந்தச் சிரிப்பைக் கேட்டபோதுதான்.

கணியூர்ப் பக்கம் தோட்டத்தில் வளர்ந்து, திருப்பூருக்கு வாழ வந்தவள் கலைமகள். வீட்டை ஒட்டியே, டி-ஷர்ட்டுக்குக் காலர் பின்னும் மெஷின்கள் ஆறு வைத்து யூனிட் நடத்தினாள். அந்தச் சத்தத்துக்குள் புதிதாக வருகிறவர்களுக்குத் தங்கள் பேச்சே தங்களுக்குக் கேட்காது. அவளோ வெளியே வேப்பமரத்தடியில் நின்று போனில் யாரிடமோ சண்டை போட்டுக்கொண்டே, "ஒரு நிமிசம் இருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே பார்த்துக் கத்துவாள்: "நாலாம் நம்பர்ல ஊசி ஒடஞ்சிருச்சு, நிறுத்து!" போய்ப் பார்த்தால் ஒடிந்துதான் இருக்கும். காதுதான் அவளுக்கு மீட்டர்.

கார் ஓட்டக் கற்றது நாற்பத்தைந்து வயதுக்கு மேல். ஏற்றுமதி ஆர்டர் கிளம்ப வேண்டிய நாளில் டெம்போக்காரர் வராமல் போனதுதான் காரணம். இனி ஒருத்தர் தயவும் வேண்டாம் என்று அடுத்த வாரமே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். கற்றுக்கொடுத்தவர் ஒருநாள் சிவபிரகாஷைத் தனியாகக் கூப்பிட்டு, "சார், இவங்களுக்கு ஆக்ஸிலேட்டர் சொல்லித்தர வேண்டியதே இல்லீங்க. பிரேக்கு ஒண்ணு இருக்குதுன்னு மட்டும் நீங்க ஊட்டுல சொல்லுங்க" என்றார். பழைய எஸ்டீம் ஒன்றை வாங்கி, பின்சீட்டில் காலர் மூட்டைகளை அடுக்கி, அவற்றுக்கு சீட் பெல்ட்டும் போட்டுவிட்டு அவள் கிளம்பினால் சோமனூர் போய்த் திரும்புவதற்குள் வீட்டில் குக்கர் விசில் அடங்கியிருக்காது. அப்படித்தான் ஊரில் சொல்வார்கள். பொய்யென்று சிவபிரகாஷ் சொன்னதில்லை.

பக்கத்து யூனிட்டில் ஒரு கார் பந்தய கிளப்புக்கு டி-ஷர்ட் தைத்தார்கள். காலர் தாமதமானது தன்னால்தான் என்பதால் கலைமகளே டி-ஷர்ட் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு பல்லடம் தாண்டி ஒரு மைதானத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அங்கே செம்மண் தரையில் ஆரஞ்சு நிறக் கூம்புகளை வரிசையாக நட்டிருந்தார்கள். ஒவ்வொரு காராக உள்ளே விட்டார்கள். கூம்புகளைத் தட்டாமல் வளைந்து வளைந்து இரண்டு சுற்று வர வேண்டும். எவ்வளவு சீக்கிரம் என்பதுதான் போட்டி. கலைமகள் மூட்டையை இறக்க மறந்து நின்றாள்.

டி-ஷர்ட்டை எண்ணி வாங்கிக்கொண்டவள் ஆஷா, கிளப்பைப் பார்த்துக்கொள்ளும் பெண்.

"ஏங்கண்ணு, பொம்பளைங்க ஓட்டலாமா?"

"லேடீஸுக்குன்னு தனியாவே இருக்குங்க ஆன்ட்டி. ஆள்தான் வர்றதில்ல."

"வயசு?"

"லைசென்ஸ் இருந்தாப் போதும்."

அன்று மத்தியானம் சிவபிரகாஷ் ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"ஏனுங்க, ரேஸுக்குப் பேரு குடுத்துட்டு வந்துட்டனுங்க."

"யாரு பேரு?"

"என்ற பேருதான்."

"ஓ."

"ஓன்னா என்னங்க அர்த்தம்?"

"சாப்பிட்டுட்டு ரோசனை பண்ணலாம்."

"நீங்க ரோசனை பண்ணி முடிக்கறதுக்குள்ள என்ற லைசென்ஸே காலாவதி ஆயிருமுங்க."

ஜெயிப்பதைப் பற்றி அவள் அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. அந்த மைதானத்துக்குள் வண்டியை விட்டு இரண்டு சுற்று வர வேண்டும். அவ்வளவுதான். அதற்கு ஒரு தடை இருந்தது. மைதானத்தைச் சுற்றிலும் கோழிப்பண்ணைகள். சத்தம் கேட்டால் கோழி முட்டையிடாது என்று பண்ணைக்காரர்கள் சண்டைக்கு வந்ததால் கிளப் ஒரு விதி வைத்திருந்தது. வாசலிலேயே சத்தத்தை அளப்பார்கள். மீட்டர் நூறு டெசிபலைத் தாண்டினால் வண்டி உள்ளே போகாது. எஸ்டீமின் பழைய குழாயோ துருப்பிடித்து ஓட்டை விழுந்து, உடைந்த நாதஸ்வரம் மாதிரி இருந்தது. ஆஷா அன்றே அளந்து பார்த்து, "நூத்தி ஒம்போது ஆன்ட்டி. இதோட வந்தீங்கன்னா கேட்டுக்கு வெளியதான்" என்று சொல்லியிருந்தாள்.

கம்பெனிக் குழாயையே வாங்கி மாட்டிவிடலாம் என்றார் சிவபிரகாஷ். கலைமகள் முகத்தைச் சுளித்தாள். "அது வாயில துணிய வெச்சு அமுக்குன மாதர இருக்குமுங்க. சத்தம் கம்மியா இருக்கோணும், ஆனா சத்தமா இருக்கோணும்." இந்த வாக்கியத்துக்குச் சிவபிரகாஷ் எவ்வளவோ யோசித்தும் பொருள் காண முடியவில்லை. மங்கலம் ரோட்டில் சைலன்சர் பட்டறை வைத்திருந்த ராஜபாண்டிக்கு உடனே புரிந்துவிட்டது.

ராஜபாண்டி உசிலம்பட்டிக்காரன். சாயப்பட்டறையில் குழாய் பொருத்த வந்து, பிறகு கார்களின் வயிற்றுக்குக் கீழே குடியேறிவிட்டவன். "நம்ம கை பட்ட பைப்பு பாடும்க்கா" என்றான். இரண்டு குழாய்களைக் கம்பியில் கட்டி உத்திரத்தில் தொங்கவிட்டான். ஒன்று எஸ்.எஸ்., எவர்சில்வர். இன்னொன்று எம்.எஸ்., வெறும் இரும்பு. கலைமகள் ஸ்பேனரை வாங்கி எவர்சில்வரைத் தட்டினாள். கணீரென்றது. அந்தக் கணீர் அடங்கவே நேரமாயிற்று. இரும்பைத் தட்டினாள். 'தொம்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அது வாயை மூடிக்கொண்டது.

"பாத்துக்கிடுங்க" என்றான் ராஜபாண்டி. "எஸ்.எஸ்ஸு துருவே பிடிக்காது. உங்க ஆயுசுக்கும் வரும். ஆனா மெல்லிசு. சத்தம் கீச்சுன்னு மேல ஏறும், மீட்டர் காட்டிக் குடுத்துரும். எம்.எஸ்ஸு கனம். சத்தத்தை வயித்துக்குள்ளயே வச்சுக்கிடும். கம்முன்னு, கனமா வரும். ஆனா மூணு மழைக்கு மேல தாங்காதுக்கா, துரு தின்னுரும்."

சிவபிரகாஷ் தொண்டையைச் செருமினார். போர்வெல் போட்டபோது மீந்த குழாய் ஒன்று மொட்டைமாடியில் கிடப்பது அவர் நினைவுக்கு வந்தது. "அந்த ஜி.ஐ. பைப்ப வெச்சா ஆகாதுங்களா?"

ராஜபாண்டி இரண்டு கைகளையும் தூக்கினான். "ஐயா சாமி! அதுக்கு மேல துத்தநாகம் பூசியிருக்கு. நான் வெல்டு வச்சா அந்தப் புகையில குளிர்சுரம் வந்து படுக்கணும். வண்டிக்குக் குழாய் மாட்டவா, எனக்கு மூக்குல குழாய் மாட்டவா?"

சிவபிரகாஷ் அதற்குப் பிறகு உலோகங்களைப் பற்றிக் கருத்துச் சொல்லவில்லை.

அந்த வாரம் வீட்டில் ஒரு பாத்திரமும் நிம்மதியாக இருக்கவில்லை. கலைமகள் தோசை திருப்பியால் தோசைக்கல்லைத் தட்டுவாள். "இதுங்க, எம்.எஸ்." பிறகு தண்ணீர்க் குடத்தைத் தட்டுவாள். "இது எஸ்.எஸ். எது நல்லாருக்குதுங்க?"

"தோசை நல்லாருக்குது."

"உங்களப் போயிக் கேட்டேன் பாருங்க."

பளபளப்பு அவளுக்கு வேண்டும். ஆயுசு முழுக்க வருவது வேண்டும். ஆனால் மீட்டரில் நூறைத் தாண்டினால் மைதானமே இல்லை. காலையில் எவர்சில்வர் என்று எழுந்திருப்பாள். மத்தியானம் இரும்பு என்று ராஜபாண்டிக்குப் போன் செய்வாள். சாயங்காலம், "வெட்டிப் போடாத, இரு, நாளைக்குச் சொல்றேன்" என்பாள். ராஜபாண்டி கடைசியில் அவள் எண்ணைப் பார்த்தாலே, "அக்கா, இப்ப என்ன கட்சி?" என்று கேட்க ஆரம்பித்தான்.

கூத்தை முடித்து வைக்க மயிலாள் வந்தார். "ரெண்டு மாப்பளைல எவன்னு தெரியலைன்னா என்ன பண்றோம்? பூக் கேக்கறோம். ரெண்டு கொழாய்ல எதுன்னு தெரியலைன்னா மட்டும் கேக்கப்படாதா? வண்டிய எடு."

முருகன் கோயில் குன்றின் மேல் இருந்தது. பூசாரி ஒரு வெள்ளைப்பூவையும் ஒரு செவ்வரளியையும் தனித்தனியாக இலையில் மடித்துக்கொண்டே, "என்ன காரியமுங்க?" என்றார்.

"வண்டிக்குப் பொக வுடற கொழாய்ங்க சாமி" என்றாள் கலைமகள்.

பூசாரியின் கை நின்றது. "கண்ணாலத்துக்குக் கேட்டிருக்கறாங்க. கெணறு வெட்டக் கேட்டிருக்கறாங்க. ஒருத்தரு மெட்ராஸ் போலாமா வேண்டாமான்னு கேட்டாரு" என்று நினைவுபடுத்திப் பார்த்தார். "சரி, அவருக்கும் புதுசா ஒண்ணு கேட்ட மாதர இருக்கட்டும்."

வெள்ளை வந்தால் எவர்சில்வர், சிவப்பு வந்தால் இரும்பு என்று பேச்சு. பொட்டலங்களைச் சந்நிதியில் வைத்து எடுத்து, கும்பிட வந்திருந்த ஒருத்தியின் இடுப்பிலிருந்த குழந்தையின் முன் நீட்டினார். குழந்தை ஒன்றைப் பிடுங்கி வாயில் வைக்கப் போனது. மயிலாள் பாய்ந்து வாங்கிப் பிரித்தார். செவ்வரளி.

கலைமகள் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. நாத்தனாரிடம் திரும்பினாள். "நங்கையா, சாமிக்கு வெல்டிங் பத்தி என்னங்க தெரியும்?"

"ஏண்டி, அவரு கையில வெச்சிருக்கற வேலு எதுல பண்ணுனது?" என்றார் மயிலாள். "இரும்புதானே! உனக்கு முந்தியே அந்தத் தொழில்ல இருக்கறவருடி அவரு."

கலைமகள் திருநீற்றைப் பூசிக்கொண்டு படியிறங்கினாள். பாதிப் படி வந்திருப்பாள். பிறகு நின்றாள். "முன்னால வரைக்கும் இரும்பு, வாய்க்கிட்ட மட்டும் எஸ்.எஸ். வெச்சுக்கலாமான்னு ஒரு வார்த்த கேட்டிருக்கோணுமுங்க." திரும்பி மேலே ஏறப் போனவளை மயிலாள் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

அளவெடுக்கும் வேலையை அவளே செய்தாள். வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோய் விட்டால் யூனிட்டில் மூட்டை ஏற்ற வண்டி இருக்காது. அதனால் வாசலிலேயே அட்டையை விரித்து, தையல்காரர் டேப்போடு வண்டிக்கு அடியில் புகுந்தாள். என்ஜினிலிருந்து முதல் வளைவு வரை, அங்கிருந்து சத்தத்தை அடக்கும் டப்பா வரை, டப்பாவிலிருந்து பின்வளைவு வரை என்று துண்டு துண்டாகப் படுத்தபடியே போனில் சொல்ல, பட்டறையில் ராஜபாண்டி வெட்டினான். சனிக்கிழமை மாட்ட வந்தான். ஞாயிறு காலை போட்டி.

யூனிட் ஆட்கள் எல்லாரும் மெஷினை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள். வெள்ளிப் பெயின்ட் அடித்த இரும்புக்குழாய் வண்டிக்கு அடியில் அழகாகத்தான் ஏறியது. முன்பக்கம் பொருந்தியது. நடுவில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தது. பின்பக்கம் பம்பருக்கு வெளியே வந்தது. வந்தது, வந்துகொண்டே இருந்தது. பீகாரிலிருந்து வந்த ஆபரேட்டர் ஒருவன், "மேடம், காடி கா தும்!" என்று கத்தினான். வண்டிக்கு வால் என்று அவன் சொன்னதை யாரும் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை.

ராஜபாண்டி அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தான். "நீங்க சொன்ன அளவுதேன்க்கா! ஒரு நூல் கூடவும் இல்ல, கொறையவும் இல்ல."

கலைமகள் டேப்பை எடுத்து மறுபடி அளந்தாள். உதடு அசைந்தது. அவள் முகம் மெல்ல மாறுவதைச் சிவபிரகாஷ் பார்த்தார்.

"நா சுருக்கம் சேத்திச் சொல்லிட்டேன்."

"எது?"

"சுருக்கம். நூத்துக்கு அஞ்சு."

காலர் தண்ணீரில் பட்டால் சுருங்கும். வேண்டிய அளவைவிடக் கூட்டித்தான் பின்ன வேண்டும். முப்பது வருடமாக அவள் வாயிலிருந்து வருகிற எந்த அளவும் சுருக்கம் சேர்த்துத்தான் வரும். சேர்க்கிறோம் என்பதே அவளுக்குத் தெரியாது. ஒவ்வொரு துண்டிலும் கூடிய விரற்கடைகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து இப்போது பம்பருக்கு வெளியே நின்றன.

ராஜபாண்டி தரையில் உட்கார்ந்துவிட்டான். "அக்கா, இந்த பைப்பைத் துவைக்கப் போறீகளா?"

"மழைல நனையுமல்ல?"

"இரும்பு நனைஞ்சா சுருங்குமாக்கா? அது சூடானா நீளும்!"

"அப்ப ஓட்டுனா இன்னும் நீளுமா?"

இதைக் கேட்டதும் அவளுக்கே அடக்க முடியவில்லை. டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அறுத்து எடுத்துவிடலாம் என்று ராஜபாண்டி ரம்பத்தைத் தேடினான். "வேண்டாம் வுடு" என்றாள். "அளவு தப்புனாலும் தையல் நல்லாருக்குது." வெல்டிங்கைத்தான் அப்படிச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை நால்வரும் கிளம்பினார்கள். டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய கையோடு மயிலாள் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். சிவபிரகாஷும் ராஜபாண்டியும் பின்னால். சாவியைத் திருப்பியதும் கலைமகள் கண்ணை மூடிக்கொண்டாள். பெரிய கருவண்டு ஒன்று மூங்கிலுக்குள் புகுந்து முனகுவது மாதிரி வந்தது சத்தம். "இதுதானுங்க" என்றாள். "நா சொன்னன் பாருங்க, சத்தம் கம்மியா, ஆனா சத்தமா." சிவபிரகாஷுக்கு அப்போதுதான் அந்த வாக்கியம் புரிந்தது.

மீட்டருக்குப் புரியவில்லை. மைதான வாசலில் ஆஷா குழாயின் வாயருகே அதைப் பிடித்துக்கொண்டு, ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொன்னாள். நூற்று மூன்று. இன்னொரு முறை. நூற்று இரண்டு.

"ஸாரி ஆன்ட்டி. பெண்கள் வரிசை முடியறதுக்குள்ள நூறுக்குக் கீழ கொண்டு வந்தீங்கன்னா விடறேன். அதுக்கு மேல என்னால ஆகாது. கோழிக்காரங்க பாருங்க, வேலிக்கிட்டயே நிக்கறாங்க."

நிஜமாகவே நின்றார்கள். கையில் போனோடு.

"ரெண்டு பாயின்ட்டுதேன்" என்று ராஜபாண்டி தலையில் கை வைத்தான். "வாய்க்குள்ள கொஞ்சம் கிளாஸ்வூல் பஞ்சு திணிச்சா அடங்கிரும். ஞாயித்துக்கெழமை எந்தக் கடை இருக்கும்?" மயிலாள், "பூசாரிக்குப் போன் போடட்டுமா?" என்றார். இருவர் சொன்னதும் கலைமகளின் காதில் விழவில்லை. அவள் மைதானத்தைப் பார்த்தாள். முதல் கார் உள்ளே போயிற்று. செம்மண் எழும்பியது.  சிவபிரகாஷ் ஆறுதலாக ஒன்று சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தார். "காளான் சாப்படறயா, கலை?" என்றுதான் வந்தது.

வாசலுக்குப் பக்கத்தில் மசாலாக் காளான் விற்கும் தள்ளுவண்டி. அதன் பின்னால் ஒரு அம்மாள் தட்டுகளைத் துலக்கிக்கொண்டிருந்தார். கலைமகள் அந்தப் பக்கம் திரும்பியவள் திரும்பியபடியே நின்றாள். பிறகு ஓடினாள். அந்த அம்மாளின் கையிலிருந்த ஸ்டீல் நாரைப் பிடுங்கி, விரித்து, வெயிலில் தூக்கிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இங்க வாங்க! இது பின்னலுங்க! நம்ம மெஷின்ல பின்ற மாதரயே பின்னியிருக்கறாங்க! நூலுக்குப் பதிலா எஸ்.எஸ். கம்பி!"

"அம்மணி, அது தட்டுத் தொலக்கறது" என்றார் அந்த அம்மாள், பயந்துபோய்.

"எத்தன வெச்சிருக்கறீங்க?"

காளான் வண்டியில் இருந்தது, பக்கத்துக் கம்பங்கூழ் கடையில் இருந்தது, பிரிக்காத பாக்கெட் ஒன்று, எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்தார்கள். பம்பருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அரையடிக்குள் கை வைத்துத் திணிக்க இடம் தாராளமாக இருந்தது. காற்றில் பறந்துவிடாமல் இருக்க வாயில் ஒரு சல்லடை வேண்டும் என்றான் ராஜபாண்டி. காளான் கடைக்காரர் பஜ்ஜி அரிக்கும் ஜல்லிக்கரண்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்வாங்கினார். மயிலாள் அதை வாங்கிவிட்டார். எப்படி என்று யாரும் பார்க்கவில்லை. கரண்டியின் காம்பை வளைத்து, கட்டுக்கம்பியால் குழாயின் வாயில் கட்டினார்கள்.

ஆஷா மீட்டரைப் பிடித்தாள். தொண்ணூற்றொன்பது.

"பாத்தீங்களா நங்கையா?" என்று கூவினாள் கலைமகள். "எஸ்.எஸ். உள்ள போயிருச்சு!"

"சாமி வெளிய இரும்புன்னுதான் சொல்லுச்சு" என்றார் மயிலாள். "உள்ளுக்குள்ள என்னன்னு நாம கேக்கவே இல்லையே."

ஹெல்மெட்டுக்குள் கொண்டை அடங்கவில்லை. கொண்டையை அவிழ்த்துப் பின்னலாக்கிக்கொண்டு ஏறினாள். பச்சைக்கொடி இறங்கியது. எஸ்டீம் ஒரு கணம் தயங்கியது. பிறகு செம்மண்ணை வாரி அடித்துக்கொண்டு பாய்ந்தது. முதல் கூம்பு, இரண்டாவது கூம்பு. வால் முளைத்த மெரூன் வண்டி இடுப்பை ஆட்டி ஆட்டி வளைந்து போனது. ஒன்றையும் தட்டவில்லை. வேலியோரம் நின்ற கோழிப்பண்ணைக்காரர்கள்கூடப் போனை இறக்கிவிட்டுப் பார்த்தார்கள்.

முதல் சுற்று முடிகிற வளைவில் ஜல்லிக்கரண்டி தெறித்தது. சூரியனில் ஒரு மின்னு மின்னிவிட்டுப் போய் விழுந்தது. அடுத்து நார்கள். ஒவ்வொன்றாக, வெள்ளிக் குருவிகள் பொந்திலிருந்து கிளம்புவது போலப் பறந்தன. கடைசிக் குருவியும் போனதும் இரும்புக்குழாய் வாயைத் திறந்து தன் சொந்தக் குரலில் பாடத் தொடங்கியது. காதில் விரல் வைத்தவர்களும் சிரித்தார்கள். "என் பைப்பு! என் பைப்பு!" என்று ராஜபாண்டி குதித்தான். ஆஷா கறுப்புக்கொடியை எடுத்துக்கொண்டு ஓடினாள். அந்தக் கொடிக்கு அர்த்தம் நிறுத்து என்பதுதான்.

"வுடு கலை! வுடு! நிக்காத!"

இப்படிக் கத்தியது யாரென்று மயிலாள் திரும்பிப் பார்த்தார். தன் தம்பிதான் என்று தெரிந்ததும் மறுபடி ஒருமுறை பார்த்தார். சிவபிரகாஷ் வேலிக்கம்பியின் மேல் ஏறி நின்றிருந்தார்.

கறுப்புக்கொடியைத் தாண்டி, இரண்டாவது சுற்றையும் முடித்து, புழுதி அடங்குமுன் இறங்கி வந்தாள் கலைமகள். முகம் முழுக்கச் செம்மண். பல் மட்டும் வெள்ளை.

"ஆன்ட்டி, கொடி காட்டினேனே, பாக்கலையா?" ஆஷாவுக்கு மூச்சு வாங்கியது.

"பாத்தேன் கண்ணு. நிறுத்தியிருந்தா மறுபடி வுடுவயா?"

"அது எப்படிங்க, வுட முடியாது."

"அப்பறம் எதுக்கு நிறுத்தறது?"

ஆஷா கோபத்தை வரவழைக்கப் பார்த்தாள். வரவில்லை. கலைமகளின் நேரத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அறிவிப்புப் பலகையில் அவள் பெயருக்கு நேரே ஒரு கோடுதான் போட்டார்கள். அதன் முன்னால் நின்று அவள் மயிலாளைப் போட்டோ எடுக்கச் சொன்னாள். கோழிப்பண்ணைக்காரர்களில் ஒருவர் வந்து, "ஏனம்மணி, இந்தக் கொழாயி எங்க மாட்டுனீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். அடுத்த போட்டிக்கும் அவள் பெயர் கொடுத்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தாள். திரும்பி வரும் வழி நெடுக ஒரே பேச்சு. எந்த வளைவில் எந்த கியர், எந்தக் கூம்பு தன்னைப் பார்த்துப் பயந்து ஒதுங்கியது, எல்லாம் சொன்னாள். சிவபிரகாஷ் கத்திய கத்தலில் தொண்டை கட்டிப்போய்த் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு வந்தார்.

பட்டறையில் இறங்கும்போது ராஜபாண்டி ஒன்று சொன்னான். "புதுப் பைப்புக்கா. நல்லாச் சூடாகி ஆறியிருக்கு. போல்ட்டெல்லாம் லேசாத் தளரும். எல்லாத்தையும் மறுபடி ஒரு முறுக்கு முறுக்கிருங்க. இல்லைன்னா அடுத்த தடவ ஆடும்."

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் மறுபடி அட்டையை விரித்துப் படுத்தாள். சிவபிரகாஷ் டார்ச் பிடித்தார். என்ஜின் பக்கத்து போல்ட்டுகளை முறுக்கினாள். நடு டப்பாவின் இரண்டு பக்கத்தையும் முறுக்கினாள். அதற்குள் நூல் லாரி வந்து ஹாரன் அடித்தது. "மீதிய நாளைக்குப் பாத்துக்கலாமுங்க" என்று வெளியே வந்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கேட்டைத் திறக்கப் போனாள். மறுநாள் புதன்கிழமை, காதர்பேட்டையில் டீ வந்த நேரத்தில்தான் சிவபிரகாஷுக்கு அந்தப் போன் வந்தது.

குழாயின் பின்பக்கக் கிளாம்பில் இருக்கும் இரண்டு போல்ட்டுகளையும் இன்னும் யாரும் முறுக்கவில்லை.